கூந்தலும் குழந்தை மனமும்



கூந்தலைப் பாடாத தமிழ்ப் புலவர் அரியர். ஆயினும் அக்கூந்தலுக்கு உரியவர் தம்மைப் பற்றி என்ன எண்ணினார் என்று கூறும் இடங்கள் குறைவு. பெண்டிர் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்னும் ஐயம் பாண்டியன் அவையில் பெரும் வாதமானதைத் திருவிளையாடற் புராணம் உரைக்கிறது. நக்கீரர் பேசினார், இறைவனே வந்து பேசினார். கூந்தலுக்கு உரிய அரசியை எவரும் வினவியதாகக் கதையில் இல்லை.

பெரியபுராணத்தில் மானக்கஞ்சாறர் வரலாறும் எண்ணத்தக்கது. மகளின் மணநாளில் மாவிரத முனிவராய் வந்த இறைவன், பஞ்சவடிக்கு ஆகும் என்று அவள் கூந்தலைக் கேட்டார். தந்தையார் அக்கணமே அரிந்து கொடுத்தார். இறையருளால் கூந்தல் மீண்டும் வளர்ந்தது. அடியவரின் தொண்டு போற்றற்குரியதே. எனினும், கூந்தல் அரியப்பட்ட அந்தப் பொழுதில் அம்மகளின் உள்ளம் என்ன பட்டது என்பதைக் கேட்போரே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வீடுகளில் நாள்தோறும் நிகழ்வதும் இதன் சிறு வடிவமே. ஒரு குழந்தை தன் தலைமுடியை முதலில் அறிவது பிறர் கையாலும் பிறர் வாய்ச்சொல்லாலும்தான்.

பள்ளிக்குப் புறப்படும் வேளையில் தாயின் முன் ஒரு சிறுமி அமர்ந்திருக்கிறாள். எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, வகிடு பிரித்து, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் வைத்து மடித்துக் கட்ட வேண்டும். சுருட்டை முடியாதலால் சீப்பு பாதியில் நின்றுவிடுகிறது. "யாரைக் கொண்டு பிறந்ததோ இந்த முடி!" என்கிறாள் தாய். அலுப்பில் வந்த சொல். அதில் வெறுப்பு இல்லை. வெள்ளிக்கிழமை தலைமுழுக்காட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, விரலால் கோதிவிடுபவளும் அவளே. குழந்தை மனத்தில் அந்தப் புகையின் மணமும் தங்குகிறது. அந்தச் சொல்லும் தங்குகிறது. அத்தை மகளின் நீண்ட சடையை உறவினர் புகழும்போது அச்சொல் இன்னும் ஆழமாக இறங்குகிறது. நாற்பது வயதில் அவள் கண்ணாடி முன் நிற்கையிலும் அதுவே காதில் ஒலிக்கிறது.

சிறுவர்க்கும் இத்துன்பம் உண்டு. முடிதிருத்தகத்து நாற்காலியின் கைகள் மீது பலகையிட்டு மகனை உட்கார்த்திவிட்டு, "ஒட்ட வெட்டுங்கள்" என்று தந்தை சொல்லிவிடுகிறார். தலைக்கு உரியவனிடம் கேள்வி இல்லை. மறுநாள் வகுப்பில் 'மொட்டை' என்று ஒரு பெயர் கிடைக்கிறது. முடி வளர்ந்த பின்னும் அப்பெயர் உதிர்வதில்லை.

முடி சுருள்வதும் நேராக வளர்வதும் தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலின் வடிவைப் பொறுத்தவை. அவ்வடிவு பெரிதும் மரபுவழி வருவது. மொட்டையடித்தால் அடர்ந்து வளரும் என்பதும் வெறும் நம்பிக்கையே. சவரக்கத்தி மயிர்க்காலைத் தொடுவதில்லை. தலைமுடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். தவறாக வெட்டிய முடி சில மாதங்களில் சரியாகிவிடும். தவறாகச் சொன்ன சொல்லுக்கு அத்தகைய வளர்ச்சி இல்லை.

இதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. சங்கப் புலவர் கூந்தலை அறலுக்கு ஒப்பிட்டனர். நீர் ஓடிய தடம் பதிந்து, நெளிநெளியாய்க் கிடக்கும் கருமணலே அறல். நெளிவை அழகென்று கண்ட கண்கள் அவை. புறநானூற்று 77ஆம் பாடலில் இடைக்குன்றூர் கிழார், இளைய நெடுஞ்செழியன் குடுமி களைந்து, வேம்பின் தளிர் சூடிப் போருக்கு நின்றதைப் பாடுகிறார். அங்கே முடி களைவது வளர்ச்சியின் பெருமை. இத்தகைய செல்வம் ஏட்டில் இருக்க, சுருட்டை முடிச் சிறுமியும் மொட்டைத் தலைச் சிறுவனும் நாணிக் குனிய வேண்டுமா?

ஏட்டில் உள்ளது வீட்டுக்கு வர வேண்டும். நாளைக் காலை சீப்பு சிக்கில் நிற்கும்போது, "இது உன் பாட்டியின் முடி, ஆற்று மணல்போல் நெளிகிறது" என்று ஒரு தாய் சொல்லட்டும். கத்தரிக்கோல் எடுக்கும் முன், "உனக்கு எப்படி வேண்டும்?" என்று ஒரு தந்தை கேட்கட்டும். பாண்டியன் அவையில் கேட்க மறந்த கேள்வி அது.