எனக்கு என்ன பிடிக்கும்?

(வேங்கிக்காலில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன் தவணை எல்லாம் பேசியாச்சு. இப்போ ஒரு கதையைப் பற்றிப் பேசப் போகிறேன். கதையா என்று எழுந்துவிடாதீங்க, இது நம்ம அடுப்படிக் கதைதான்.

அம்பை என்ற எழுத்தாளர் 1944-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். 2021-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது பெற்றவர். அவர் எழுதிய ஒரு கதைக்குப் பெயர் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’. 1988-ல் அதே பெயரில் புத்தகமும் வந்தது. ராஜஸ்தானில் ஒரு பெரிய குடும்பம். வீடு பெரிசு, சமையலறை மட்டும் ஒரு மூலையில், இருட்டா. அதைக் கொஞ்சம் வசதி பண்ணலாமே என்று மருமகள் மீனாட்சி மாமனாரிடம் சொல்கிறாள். நடந்தது என்ன? வெளியே கொடி கட்டி ஈரத்துணியைத் தொங்கவிட்டார்கள். ஜன்னல் வழியா தெரிந்த மலையும் மறைந்துபோச்சு. நம்மில் எத்தனை பேர் அடுப்படியில் நின்றால் அண்ணாமலை தெரியும்? யோசிச்சுப் பாருங்க.

அந்த மாமியார் சொல்கிறாள்: சமையலறையை விட்டுக்கொடுக்காதே, அலங்காரத்தை விடாதே, நம்ம பலம் அதுதான். அவளைக் கெட்டவள் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு எதுவும் கைக்கு வராதவள் அரிசிப் பானையைத்தானே பிடிச்சுக்குவாள்? ஆனா அது பலமில்லை என்று மருமகள் நேராகச் சொல்லிவிடுகிறாள்.

2021-ல் வந்த மலையாளப் படம் ஒன்று, ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’. 2023-ல் தமிழிலும் வந்தது, ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்தார். மலையாளப் படத்தில் ஆம்பளைங்க மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை கிடக்கிற மேஜையிலேயே பெண்கள் பிறகு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பார்க்கவே வயிற்றைப் புரட்டும். நாம மிச்சத்தை வழித்துப் போட்டுக்கிட்டுச் சாப்பிடும்போது மட்டும் ஏன் புரட்டறதில்லை?

நம்ம ஊரில் பொம்பளை ‘இது தின்ன ஆசை’ என்று சொல்ல ஒரு காலம்தான் உண்டு, மசக்கை. அதுவும் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஆசை என்றுதான் கணக்கு! 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்குக் கீரையும் முட்டையும் எங்கே மிஞ்சும்?

திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீசில் நின்று தைரியமா பேசுகிறோம். வீட்டில் ‘எனக்கு இன்னைக்கு மீன் குழம்பு வேணும்’ என்று சொல்ல வாய் வரமாட்டேங்குது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருத்தரும் தனக்குப் பிடிச்ச பண்டம் ஒன்றைச் சொல்லணும். அவருக்குப் பிடிச்சது, பிள்ளைக்குப் பிடிச்சது என்றால் நோட்டில் எழுத மாட்டேன்.