தருமகர்த்தா பதவி மாலை மரியாதை அன்று. கணக்குச் சொல்லும் கடமை

(வட மாகாணத்துத் தனியார் கல்லூரி ஒன்றின் ஆட்சி மன்றத்துக்குப் புதிய தருமகர்த்தாக்களைத் தெரிவு செய்வது பற்றி ஆராயப் பழைய மாணவரும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில், சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை வருமாறு:)



இக்கல்லூரியின் ஆட்சி மன்றத்தில் வெற்றிடமாயுள்ள நான்கு ஆசனங்களுக்கு யாரைத் தெரிவு செய்வது என்ற கேள்வி இன்று உங்கள் முன் நிற்கின்றது. பெயர்கள் பல ஊரில் அடிபடுகின்றன. எந்தப் பெயரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ நான் இங்கு வரவில்லை. ஆளை ஆராய்வதற்கு முன்னர் பதவியை ஆராயுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே வந்தேன். பதவி இன்னதென்று அறியாமல் ஆளைத் தேடுவது, மண்ணைப் பாராமல் விதையை வாங்குவதற்கு ஒப்பாகும்.

தருமகர்த்தா என்பவர் யார்? ஆண்டு விழா மேடையில் முன்வரிசைக் கதிரையில் அமர்பவர் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு எண்ணவில்லை. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் இன்றும் நடைமுறையில் இருப்பது. அதன்படி, தருமச் சொத்து தருமகர்த்தாவின் பெயரில் இருப்பினும் அதன் பயன் அவருக்கு உரியதன்று. முன்மதியுள்ள ஒருவன் தன் சொந்த உடைமையைப் பேணுவது போல அவர் அதனைப் பேண வேண்டும். அதிலிருந்து தமக்கு ஆதாயம் தேடலாகாது. தமது கடமையை இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டு ஒதுங்கி இருக்கவும் கூடாது. கணக்குக் கேட்டால் காட்ட வேண்டும். இவ்வளவும் சேர்ந்ததே அப்பதவி. இதில் மாலைக்கும் மரியாதைக்கும் இடமெங்கே?

வரலாறு தரும் பாடம்

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசின் கையில் ஒப்படைத்ததை நீங்கள் அறிவீர்கள். சைவ வித்தியா விருத்திச் சங்கம் 1923இல் தொடங்கி வளர்த்தெடுத்த பாடசாலைகளும் அவ்வாறே சென்றன. முதலாம், இரண்டாம் தரப் பாடசாலைகளுக்கு மாத்திரம், அரசின் உதவியின்றியும் கட்டணம் அறவிடாமலும் தனித்து நிற்கும் தெரிவு அளிக்கப்பட்டது. பரியோவான் கல்லூரி, சம்பத்திரிசியார் கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி ஆகியன அக்கடினமான வழியைத் தேர்ந்தன. நமது கல்லூரியும் அவ்வழியே நடந்தது. அந்நாளில் அதனைத் தாங்கியவர்கள் செல்வந்தர் மாத்திரமல்லர். பிடியரிசி சேர்த்த தாய்மாரும், புகையிலை விற்ற காசில் ஒரு பங்கைக் கொண்டுவந்து கொடுத்த கமக்காரரும் தாங்கினர்.

ஆனால் அக்கதையின் மறுபக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. பாடசாலைகள் பறிபோன வேளையில் பொதுமக்களிற் பலர் ஏன் வாளாவிருந்தனர்? முகாமையாளர் என்ற ஒருவரின் கையில் ஆசிரியரின் நியமனமும் இடமாற்றமும் அடங்கிக் கிடந்தமையால் பலர் மனம் புண்பட்டிருந்தனர். 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்க வேண்டும் என்ற சம ஆசனக் கட்டளையை எதிர்த்து நின்றவர்களும் நம்மவரே. மக்கள் தமதென்று உணராத நிறுவனத்தை மக்கள் காக்க முன்வருவதில்லை. இதுவே வரலாறு தரும் பாடம்.

யாரைத் தெரிவு செய்வது?

முதலாவதாக, கல்லூரியோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர் வேண்டாம். கல்லூரிக் காணியைக் குத்தகைக்கு எடுத்தவரும், கட்டட ஒப்பந்தம் பெறுபவரும் எவ்வளவு நல்லவராயினும் அவ்வாசனத்துக்கு உரியவரல்லர். வாங்குபவரும் விற்பவரும் ஒருவராயின் விலையைக் கேட்பது யார்? வீதியோரக் காணியைக் கடைகளுக்கு நீண்ட காலக் குத்தகையில் விடும் யோசனை ஒன்று இன்று ஆட்சி மன்றத்தின் முன் இருக்கின்றது. ஆகவே இக்கேள்வி வெறுங்கேள்வி அன்று.

இரண்டாவதாக, பணம் தந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக ஆசனம் அளிக்காதீர்கள். கனடாவிலும் இலண்டனிலும் உள்ள நம் உறவினரின் கொடையால் கூரைகள் எழுந்தன. அவர்களுக்கு நாம் நன்றியுடையோம். எனினும் ஆசனத்தை எதிர்பார்த்துக் கொடுப்பது கொடையன்று, கொள்வனவு. கூட்டத்துக்கு ஒழுங்காக வந்து, கணக்கேட்டைத் திறந்து பார்க்கக் கூடியவரே வேண்டும்.

மூன்றாவதாக, நால்வரும் ஒரே வகையினராக இருத்தல் ஆகாது. கணக்கறிந்த ஒருவரும், கற்பித்து ஓய்ந்த ஒருவரும், இன்று பிள்ளையை இங்கு அனுப்பும் தாய் ஒருவரும், கமக்காரர் ஒருவரும் இருக்கட்டும். கமக்காரருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர் உளர். ஒரு பரப்புக் காணியின் பெறுமதியையும், முப்பது ஆண்டுக் குத்தகை என்றால் என்ன என்பதையும் அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இதுவரை அம்மேசையில் இடம்பெறாத குறிச்சிகளின் பிள்ளைகளும் இங்கே படிக்கின்றனர் என்பதையும் மறவாதீர்கள்.

எவ்வாறு தெரிவு செய்வது?

நமது கூட்டங்களில் ஒருவர் பிரேரிப்பார், மற்றொருவர் ஆமோதிப்பார், ஏகமனதாக நிறைவேறியது என்று அறிக்கையில் எழுதப்படும். ஐந்து நிமிடத்தில் அலுவல் முடிந்துவிடும். கேள்வி கேட்க நினைத்தவர் வீதியில் இறங்கிய பின்னரே வாய் திறப்பார். இம்முறை அவ்வாறு வேண்டாம். பெயர்கள் பதினான்கு நாள்களுக்கு முன் எழுத்தில் வரட்டும். ஆட்சி மன்றத்தினரோடும் கல்லூரி ஊழியரோடும் தமக்குள்ள உறவையும் தொழில் தொடர்பையும் ஒவ்வொருவரும் அதில் கூறட்டும். வாக்கு இரகசியமாக அளிக்கப்படட்டும். பதவிக்காலம் மூன்றாண்டு என்று வரையறுக்கப்படட்டும். அதிபரின் அன்றாட வேலையில் தலையிடோம் என்றும், ஆண்டுதோறும் கணக்கைப் பொதுச்சபையில் வாசிப்போம் என்றும் அவர்கள் உறுதி கூறட்டும்.

இத்தனைக்குப் பின்னும் தவறு நேருமாயின் வழியில்லையா? இருக்கின்றது. அறப்பணிக்குரிய தருமமொன்றில் நலன் உரித்துள்ள ஐவர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். புதிய தருமகர்த்தாவை நியமிக்கும்படியும், கணக்கை எடுப்பிக்கும்படியும் அவர்கள் கேட்கலாம். வழக்குப் பேசிப் பிழைப்பவன் நான்; ஆயினும் அவ்வழியை நான் விரும்பவில்லை. வழக்கு முடியுமுன் ஒரு தலைமுறை படித்து வெளியேறிவிடும். நீதிமன்றத்தில் ஐவர் நிற்பதைவிடத் தெரிவு நாளில் ஐந்நூறு பேர் வந்து நிற்பது மேல்.

அன்பர்களே! நம்மை நாமே ஆள வேண்டும் என்று மேடை தோறும் முழங்குகின்றோம். மூன்று கட்டடமும் சில பரப்புக் காணியும் உள்ள ஒரு கல்லூரியை ஒளிவு மறைவின்றி ஆள முடியாதவர் மாகாணத்தை ஆள்வது எப்படி என்று நம் பிள்ளைகள் கேட்பார்கள். அக்கேள்விக்கு நீங்கள் வாக்குச் சீட்டால் விடை கூறுங்கள்.