அகலப் படத்தில் ஆடித் திருவிழா



கண்ணால் பார்க்க வேண்டிய சங்கதியைக் காதுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். வானொலியில் போட்டோ பற்றிப் பேசுவதில் ஒரு வசதி உண்டு. படம் சரியில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பனோரமா எனப்படும் அகலப் படத்தைத்தான் சொல்கிறேன். இப்போது எல்லார் கையிலும் இருக்கிற கைபேசியே அதை எடுத்துவிடுகிறது. நான் பேசப்போவது பிலிம் சுருள் போட்டு எடுக்கிற அகலப் படம் பற்றி. அதிலும் கிராமத்துச் சடங்கை, திருவிழாவை எடுப்பது பற்றி. மெக்சிகோ நாட்டின் கிராமங்களில் இப்படி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நவம்பர் மாத முதல் இரண்டு நாளும் அங்கே இறந்தவர்களுக்குப் படையல் போடுகிறார்கள். கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, மஞ்சள் பூவைக் கொட்டி, குடும்பத்தோடு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பூ நமக்குப் புதிதில்லை. ஆயுத பூஜைக்கு லாரிக்கும் தறிக்கும் மாலையாகக் கட்டுகிறோமே செண்டுமல்லி, அதுதான். அதன் தாய்நாடே மெக்சிகோ.

சரி, நம் சேலம், நாமக்கல் பக்கம் இந்த அகலப் படத்துக்கு என்ன வேலை?

சேலத்து ஆடித் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சாட்டு, கம்பம் நடுதல், சக்தி அழைப்பு, பொங்கல், உருளுதண்டம், வண்டி வேடிக்கை, சத்தாபரணம் என்று அடுக்கடுக்காக நடக்கும். இதில் குகைப் பகுதியின் வண்டி வேடிக்கை தனி ரகம். வேண்டுதல் வைத்தவர்கள் சிவனாக, பார்வதியாக, முருகனாக வேடம் கட்டி, ஜோடித்த வண்டிமேல் ஏறி வருவார்கள். விளக்குச் சரம் மின்னும். முகத்தில் பூசிய நீலம் வேர்வையில் கழுத்துப் பக்கம் இறங்கும். ஆனாலும் தூக்கிய கையை அவர் இறக்கமாட்டார். சாமி கை வலிக்கிறது என்று சொல்லக் கூடாதல்லவா?

இதைச் சாதாரணக் கேமராவில் எடுக்கிறவர் என்ன செய்கிறார்? வண்டியையும் வேடக்காரரையும் நடுவில் வைத்து எடுக்கிறார். படம் அழகாகத்தான் வருகிறது. ஆனால் வண்டிக்கு முன்னால் பறை அடித்துக்கொண்டு போனவர்கள் அதில் இல்லை. பின்னால் ஜெனரேட்டரைத் தள்ளி வந்தவர் இல்லை. மாடியில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள், பலூன்காரர், தண்ணீர்ப் பந்தல், கயிறு பிடித்து நின்ற போலீஸ்காரர், யாருமே இல்லை. படத்தில் இருப்பது சாமி வேடம் மட்டும். திருவிழா படச் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

அகலப் படத்தில் இவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். அதோடு, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதும் வந்துவிடும். யார் சாமிக்கு அருகில், யார் தள்ளி, யார் தெருமுனையோடு சரி என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். ஊரின் கணக்கு அது. சில பெரிய மனிதர்களுக்கு அகலப் படம் பிடிக்காமல் போனாலும் ஆச்சரியமில்லை.

இந்த மண்ணுக்கு அகலப் படம் இன்று நேற்று வந்ததில்லை. மதராஸ் ராணுவத்தில் லின்னேயஸ் டிரைப் என்று ஓர் அதிகாரி இருந்தார். 1856இல் மதராஸ் அரசாங்கம் அவரை அரசுப் புகைப்படக்காரராக அமர்த்தியது. அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதி தொகுதியாக வெளியாயின. மதுரைக்கு நான்கு, புதுக்கோட்டைக்கு ஒன்று, ஸ்ரீரங்கத்துக்கு ஒன்று. சேலம் ஜில்லாவுக்கும் ஒரு தொகுதி உண்டு. ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் பிற இடங்களும் என்பது அதன் தலைப்பு. ராயக்கோட்டை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். அப்போது சேலத்தோடு இருந்தது.

அந்தக் காலத்தில் கேமரா என்றால் பெட்டி பெட்டியாகச் சுமை. டிரைப் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகடிவ். நம் வெயிலுக்கு அது தாங்கும் என்பது கணக்கு. ஒரு படத்துக்கு நெடுநேரம் லென்சைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் நடந்து போகிற ஆள் படத்தில் பதியவே மாட்டார். ஆகவே அவர் எடுத்த கோட்டைகளும் கோயில்களும் பெரும்பாலும் ஆள் அரவமற்றுக் கிடக்கின்றன. ஜனங்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் அசைந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த டிரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு காரியம் செய்தார். விமானத்தின் அடித்தளத்தில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுகின்றன. கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி அவற்றை எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். சுமார் 19 அடி நீளம். படிக்கிறவர் அந்தச் சுவர் ஓரமாக நடந்து போவது போலவே அது அமைந்திருக்கிறது. பிறகு வந்த ஆளுநர் சார்லஸ் டிரெவிலியன் இந்த வேலைக்கெல்லாம் செலவு அதிகம் என்று நிறுத்திவிட்டார்.

அதே பெரிய கோயிலைக் கட்டிய ராஜா, நூறு வருஷத்துக்கு மேல் கழித்து இன்னோர் அகலப் படத்தில் வந்தார். 1973இல் வெளியான ‘ராஜ ராஜ சோழன்’. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். இயக்கியவர் ஏ.பி. நாகராஜன். சங்ககிரிப் பக்கம் அக்கம்மாபேட்டையில் பிறந்த நம்மூர்க்காரர். காட்சியைப் பிலிமில் ஒடுக்கிப் பதிவு செய்து, தியேட்டரில் இன்னொரு லென்ஸ் வழியாக மறுபடி அகட்டிக் காட்டுவதுதான் சினிமாஸ்கோப். வண்ணத்தின் கதையும் இப்படித்தான். திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கி, 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ மூலம் தமிழுக்கு முதல் வண்ணப் படத்தைத் தந்தார். வண்ணத்தைக் கொண்டுவந்தவரும் இந்தப் பக்கம், அகலத்தைக் கொண்டுவந்தவரும் இந்தப் பக்கம். கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

ஆனால் டிரைப் எடுத்தது கல். நாகராஜன் எடுத்தது ராஜா. ஜனம் நகர்கிற திருவிழாவுக்கு வேறொரு கேமரா வேண்டும். அதுதான் லென்ஸ் திரும்புகிற கேமரா.

ஜப்பானில் செய்த வைடுலக்ஸ் என்பது அந்த வகை. சோவியத் நாட்டிலும் ஹாரிசான்ட் என்று ஒன்று செய்தார்கள். உள்ளே பிலிம் வில்லாக வளைந்து உட்கார்ந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் லென்ஸ் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திரும்பும். லென்சுக்குப் பின்னால் ஒரு மெல்லிய இடுக்கு. அதன் வழியாக வெளிச்சம் பிலிமைத் தடவிக்கொண்டே போகும். ஆகவே படத்தின் ஓர் ஓரம் முதலில் பதியும், மறு ஓரம் கடைசியில் பதியும். பார்ப்பதற்கு ஒரே படம். உள்ளே இருப்பது ஒரே கணம் அல்ல.

இதைவிடப் பெரியது அமெரிக்காவின் சர்க்கட் கேமரா, 1904இல் காப்புரிமை பெற்றது. அதில் கேமராவே பல்சக்கரத்தின் மேல் சுழலும். பள்ளிக்கூடம், பட்டாளம் என்று நூற்றுக்கணக்கானவர்களை வளைவாக நிற்க வைத்து எடுப்பார்கள். படத்தில் எல்லாரும் நேர்கோட்டில் நிற்பார்கள். குறும்புக்காரப் பையன் ஒருவன் தன்னைத் தாண்டிக் கேமரா போனதும், எல்லாருக்கும் பின்னால் ஓடி மறுகோடியில் போய் நின்றுகொள்வான். ஒரே படத்தில் இரண்டு முறை சிரிப்பான்.

இங்கேதான் எனக்குத் திருவிழா ஞாபகம் வருகிறது. வண்டி வேடிக்கையை நாம் எப்படிப் பார்க்கிறோம்? நாம் வாசலில் நிற்கிறோம், அது நம்மைக் கடந்து போகிறது. முதலில் மேளம், அப்புறம் வெளிச்சம், அப்புறம் வண்டி, அப்புறம் கூட்டம், கடைசியில் செருப்பைத் தேடுகிறவர். திருவிழாவின் அகலம் இடத்தில் மட்டும் இல்லை, நேரத்திலும் இருக்கிறது. சாதாரணக் கேமரா அந்த நேரத்தை நறுக்கிவிடுகிறது. இந்த லென்ஸ் திரும்புகிற கேமராதான் ஒரு படத்துக்குள் கொஞ்சம் நேரத்தை வைத்துக் காட்டுகிறது.

அதற்கு விலையும் உண்டு. நேரான தெரு வில்லாக வளையும். லென்ஸ் திரும்புகிற திசையிலேயே வண்டி போனால் வண்டி நீண்டுவிடும், மாடு ரயில் பெட்டி மாதிரி ஆகிவிடும். எதிர்த் திசையில் வந்தால் சுருங்கிக் குறுகும். கைபேசி இந்தக் கோணலைத் தன் கணக்கால் சரிசெய்யப் பார்க்கிறது. அதில் சமயத்தில் ஆளின் கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போய்விடுகிறது. எனக்கு அந்தத் திருத்தத்தைவிடப் பிலிமின் கோணல் பிடித்திருக்கிறது. மாடு நகர்ந்தது என்கிற உண்மையாவது அதில் மிஞ்சுகிறது.

யாரிடமாவது இப்படிப்பட்ட கேமரா இருந்தால், அடுத்த ஆடியில் குகைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். நம் உதகையில் இந்து என்ற பெயரில் கருப்பு வெள்ளை பிலிம் செய்த தொழிற்சாலை இப்போது இல்லை. வெளிநாட்டுச் சுருள்தான், விலை கையைக் கடிக்கும். வைடுலக்ஸில் 36 படச் சுருள் போட்டால் வருவது 21 படம். டிரைப் தஞ்சாவூரில் ஒட்டியதும் 21. தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராத்திரி வெளிச்சத்துக்கு 1/15 வினாடி வைக்க வேண்டியிருக்கும். அந்த வேகத்தில் லென்ஸ் நிதானமாகத் திரும்பும், நீட்டலும் சுருக்கலும் கூடும். தெருவின் ஒரு பக்கம் நின்றால் வண்டி நீளும். எதிர்ப்பக்கம் போய் நின்றால் அதே வண்டி சுருங்கும். பாதிச் சுருளை இந்தப் பக்கம் எடுங்கள், மீதியை அந்தப் பக்கம் எடுங்கள். மாடி கிடைத்தால் ஏறாதீர்கள். கூட்டத்தின் தோள் உயரத்தில் நின்றே எடுங்கள்.