செய்தியோடையும் வகுப்பறையும்



பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன் நான். எங்கள் தோட்டத்திற்குத் 'தமிழ் நேசன்' ஒரே ஒரு பிரதிதான் வரும். மரம் சீவி வந்தவர்கள் மாலையில் கூடுவார்கள். ஒருவர் உரக்கப் படிப்பார். படிக்கத் தொடங்குமுன் தேதியைச் சொல்லிவிடுவார். பழைய பேப்பர் என்றால் பழைய செய்தி என்று கேட்பவருக்கு விளங்கிவிடும்.

1924இல் தோன்றிய அந்த நாளேடு 2019இல் நின்றுவிட்டது. எங்கள் தோட்டமும் செம்பனைக் காடாகிவிட்டது. மக்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் குடிபெயர்ந்தார்கள். இன்று செய்தி ஒவ்வொருவர் கைப்பேசியிலும் வந்து விழுகிறது. ஆனால் அதன் நெற்றியில் தேதி இருப்பதில்லை.

அதனால் நேர்ந்த ஒரு தவற்றைச் சொல்கிறேன். ஓர் இரவு, 'புகைமூட்டம் காரணமாக நாளை பள்ளிகள் மூடப்படும்' என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. நானும் பெற்றோர் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். அது முந்திய ஆண்டுச் செய்தி! விடிந்த பிறகே தெரிந்தது. அன்று கதை சொல்லும் போட்டிக்குப் போகவேண்டிய என் மாணவியைப் பெற்றோர் அதிகாலையிலேயே பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். மூன்று வாரப் பயிற்சி வீணாயிற்று. "சார், நீங்கதானே அனுப்பினீங்க?" என்று மறுநாள் அவள் கேட்டாள். எனக்குப் பதில் இல்லை.

அதன் பிறகுதான் செய்தியோடை என்பதைக் கற்றுக்கொண்டேன். ஆங்கிலத்தில் இதனை ஆர்.எஸ்.எஸ். என்பர். 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இதற்கு முதல் வடிவம் தந்தவர்களுள் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற இராமநாதன் குஹா என்பது நாம் அறியத்தக்கது.

செய்தியோடை எவ்வாறு இயங்குகிறது? ஒரு செய்தித்தளம், தான் புதிதாக வெளியிடுவனவற்றைத் தலைப்பு, சுருக்கம், இணைப்பு, வெளியான நாள், நேரம் என்று ஒரு பட்டியலாக எழுதி வைக்கிறது. நம் கைப்பேசியிலுள்ள படிப்பான் என்னும் செயலி அவ்வப்போது அந்தப் பட்டியலைப் பார்த்து, புதியவற்றை நம்மிடம் கொண்டுவருகிறது. தளம் தளமாக நாம் அலைய வேண்டியதில்லை.

ஓடையைக் கண்டுபிடிப்பது எப்படி? பக்கத்தின் அடியில், ஒரு புள்ளியும் இரண்டு வளைகோடுகளும் கொண்ட ஆரஞ்சு நிறக் குறியைத் தேடுங்கள். அது இல்லையென்றால் தளத்தின் முகவரியையே ஃபீட்லி, இனோரீடர் போன்ற படிப்பானில் இட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே ஓடையைக் கண்டுபிடித்துவிடும். எல்லாத் தளங்களிலும் ஓடை இருக்குமென்று சொல்வதற்கில்லை. இன்னொன்று: பலர் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. ஆகவே உங்கள் ஓடைப் பட்டியலைப் படிப்பானிலிருந்து இறக்கி, ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் நாற்பது ஓடைகளைச் சேர்த்துத் திணறினேன். இப்போது ஐந்தே ஐந்து. காலையில் பத்து நிமிடம் மாணவர்களோடு பார்க்கிறேன். ஒரு மாணவர் ஒரு தலைப்பைப் படிப்பார். மற்றவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். யார் சொன்னது? எப்போது சொன்னது? வேறு யாரேனும் சொல்லியிருக்கிறார்களா? விடைகளைக் கரும்பலகையில் எழுதுவோம். மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்கவில்லையென்றால், 'பொறுத்திருப்போம்' என்று எழுதுவோம்.

ஒன்றை மறந்துவிடலாகாது. ஓடையில் வந்துவிட்டதாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது. எங்கிருந்து வந்தது, என்று வந்தது என்பதை மட்டுமே அது காட்டும். உண்மையை ஆராய்வது நம் பொறுப்பு.

அந்த மாணவி மறு ஆண்டு போட்டிக்குப் போனாள். முதல்நாள் மாலை, போட்டி நடப்பது உறுதிதானா என்று அவளே ஏற்பாட்டாளரைத் தொலைபேசியில் கேட்டாள். பரிசு கிடைக்கவில்லை. ஆனாலும், கேட்டுத் தெளிந்த பிறகே நம்புவது என்ற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது.