கவலையும் புத்தியும்

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)

"கூலிக்காரனுக்கு யோசனை ஏது? யோசனை இருந்தால் ஏன் வட்டிக்கு வாங்குகிறான்? ஏன் வேலையில் தப்புப் பண்ணுகிறான்?" இந்தப் பேச்சை மில் வாசலிலும் கேட்டிருக்கிறோம், களத்துமேட்டிலும் கேட்டிருக்கிறோம். கேட்டுக் கேட்டு நம்மில் பலர் அதை நம்பவும் தொடங்கிவிட்டோம். "நமக்கு மூளை அவ்வளவுதான்" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். இன்று இந்தப் பேச்சை உரசிப் பார்ப்போம். சந்தோஷமும் கவலையும் மனிதனுடைய புத்தியை என்ன செய்கின்றன என்பதே நம் கேள்வி.

முதலில் நம் ஊர் விஷயம். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2013ல் வெளியாயிற்று. 54 கிராமங்களைச் சேர்ந்த 464 சிறு விவசாயிகளைப் பார்த்தார்கள். கரும்பு போட்டவனுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பெரும் பணம் கைக்கு வரும். வெட்டுக்கு முந்தின மாதங்களில் வீடு வறண்டு கிடக்கும். அப்போது 100க்கு 78 பேர் சாமான் அடகு வைத்திருந்தார்கள். வெட்டு முடிந்து பணம் வந்தபின் 100க்கு 4 பேர்தான்.

அதே ஆட்களுக்கு வெட்டுக்கு முன் ஒரு தடவையும், பின் ஒரு தடவையும் புத்திச் சோதனை வைத்தார்கள். படங்களின் வரிசையைப் பார்த்து, விட்டுப்போன படம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 விடைகள் சரியாக இருந்தன. வெட்டுக்குப் பின் 5.45. கவனத்தைச் சோதிக்கும் பரீட்சையிலும் பின்னால்தான் வேகம் கூடியது, தவறு குறைந்தது.

யோசித்துப் பாருங்கள். ஆள் அதே ஆள். படிப்பு அதே படிப்பு. இடையில் மாறியது ஒன்றுதான்: மடியில் இருந்த கனம். ஆகவே குறை மூளையில் இல்லை. பள்ளிக்கூடச் சம்பளம், வட்டி, மளிகைக்கடைப் பாக்கி எல்லாம் உள்ளே உட்கார்ந்துகொண்டு இடத்தை அடைத்துவிடுகின்றன. மிச்சம் இருக்கிற இடத்தில்தான் மனிதன் யோசிக்க வேண்டியிருக்கிறது.

வேலை செய்யும் கையிலும் இது தெரிகிறதா? ஒடிசாவில் பார்த்தார்கள். விவசாய வேலை இல்லாத மாதங்களில் இலைத்தட்டு தைத்துப் பிழைக்கும் 408 தொழிலாளிகள். தட்டுக்கு இவ்வளவு என்று கூலி. அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சேர்ந்திருந்த கூலியைச் சில நாள் முன்னதாகவே கொடுத்தார்கள். கூலி விகிதத்தில் ஒரு காசுகூட உயர்த்தவில்லை. அவர்களுக்குச் சேர வேண்டிய பணம்தான் அது. வந்ததும் பழைய கடனை அடைத்தார்கள், வீட்டுக்கு வேண்டியதை வாங்கினார்கள். அந்த நாட்களில் அவர்கள் தைத்த தட்டுகள் ஏறக்குறைய 100க்கு 7 வீதம் கூடின. வீண் தையலும் வீண் இலையும் குறைந்தன. 2021ல் வெளியான இந்தக் கணக்கு நமக்கு ஒன்றைச் சொல்கிறது. கூலியைப் பாக்கி வைக்கிறவன் பணத்தை மட்டும் பிடித்து வைக்கவில்லை; தொழிலாளியின் கவனத்தையும் சேர்த்துப் பிடித்து வைக்கிறான். பிறகு "ஏன் தப்புப் பண்ணினாய்?" என்று அவனையே திட்டுகிறான்.

இனி தூரதேசத்துக்குப் போவோம். அங்கேயும் நம்மைப்போல மில் தொழிலாளிகள்தான். ஆஸ்திரியாவில் வியன்னா நகரத்துக்குப் பக்கத்தில் மாரியென்தால் என்று ஓர் ஊர். ஊரே ஒரு துணி ஆலையை நம்பி வாழ்ந்தது. 1929-30ல் ஆலையை மூடினார்கள். 478 குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேலை போயிற்று. 1931-32ல் மாரி யஹோடா என்ற அம்மையாரும் பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோரும் தங்கள் சகாக்களோடு அங்கே ஆராய்ந்து, 1933ல் புத்தகமாக வெளியிட்டார்கள்.

"வேலை இல்லாவிட்டால் படிக்க நேரம் கிடைக்குமே, கூட்டத்துக்கு வர நேரம் கிடைக்குமே" என்றுதானே தோன்றும்? நடந்தது நேர்மாறு. தொழிலாளர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வேலையற்றவருக்கு விலை குறைத்துக் கொடுத்தும், தொழிலாளர் பத்திரிகைக்குச் சந்தா கட்டுவோர் 100க்கு 60 வீதம் குறைந்தார்கள். ஆண்கள் தெருவில் நாலடி நடப்பதும் நிற்பதுமாக இருந்தார்கள். கடிகாரம் வைத்திருந்தவர்கள்கூடப் பலர் அதை உடன் கொண்டுபோவதை விட்டுவிட்டார்கள். பெண்களுக்கு அடுப்பும் பிள்ளைகளும் இருந்தன; அவர்கள் நடையில் மட்டும் வேகம் இருந்தது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். மனம் உடையாத குடும்பங்களில் தலைக்கு மாதம் சராசரி 34 ஷில்லிங் வருமானம். "விதிப்படி நடக்கட்டும்" என்று அடங்கிவிட்ட குடும்பங்களில் 30. நம்பிக்கை இழந்தவற்றில் 25. எதிலும் பற்றற்று ஓய்ந்துபோனவற்றில் 19. காசு இறங்க இறங்க மனமும் படிப்படியாக இறங்கியிருக்கிறது.

தோழர்களே, "கஷ்டம் முற்றினால் ஜனங்கள் தானாக எழுவார்கள்" என்று சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. மாரியென்தால் அப்படிச் சொல்லவில்லை. கஷ்டம் முற்றும்போது மனிதன் உட்கார்ந்துவிடவும் கூடும். அவன் எழுந்திருக்க அரிசி வேண்டும்; அதோடு, நாளைக்கு ஒரு வழி உண்டு என்ற நினைப்பும், கூட நாலு பேரும் வேண்டும்.

அப்படியானால் சந்தோஷமாக இருந்தால் போதுமா? அதுவும் இல்லை. 1990ல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. மாணவர்கள் சிலரைச் சந்தோஷமான நினைவிலும், சிலரைத் துக்க நினைவிலும் ஆழ்த்தினார்கள். பிறகு, கட்டணத்தை உயர்த்த வேண்டும் என்ற வாதத்தைக் கேட்கச் செய்தார்கள். துக்கத்தில் இருந்தவர்கள் நல்ல வாதத்துக்கு மட்டும் இணங்கினார்கள். சந்தோஷத்தில் இருந்தவர்களுக்கு நல்ல வாதமும் சொத்தை வாதமும் ஒன்றாகவே பட்டன. ஆனால் "வாதத்தைக் கவனித்துக் கேளுங்கள்" என்று முன்கூட்டிச் சொன்னபோது அவர்களும் சொத்தையைக் கண்டுகொண்டார்கள். தீபாவளிக்கு இனிப்பும் வேட்டியும் கொடுத்துவிட்டு, அதே கையோடு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறவன் இந்தச் சோதனையைப் படித்ததில்லை. ஆனால் விஷயம் அவனுக்குத் தெரியும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன?

கடன் பத்திரம், அடமானம், கணக்குத் தீர்ப்பது, இவற்றில் ஒருவரும் தனியாகக் கைநாட்டு வைக்க வேண்டாம். நெருக்கடியில் இருக்கிறவர் நெருக்கடி இல்லாத ஒருவரைக் கூட அழைத்துப் போகட்டும். இரவல் வாங்கிய புத்தியாக இருந்தாலும் அந்த நேரத்தில் அதுவே காப்பாற்றும். வருஷச் செலவுக்கான திட்டத்தை அறுப்பு முடிந்த கையோடு, போனஸ் வந்த கையோடு, நிதானமாக உட்கார்ந்து போடுவோம். குறித்த தேதியில் கூலி வேண்டும் என்று கேட்கும்போது, பிச்சை கேட்பதுபோலக் கேட்க வேண்டாம். நம் கவனத்தையும் நிதானத்தையுமே நாம் திருப்பிக் கேட்கிறோம்.

கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்ட தோழரைச் "சோம்பேறி" என்று ஏசாதீர்கள். இரண்டு பேராக அவர் வீட்டுக்குப் போங்கள். அடுப்பு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். அரசியலைப் பிறகு பேசலாம். படிப்பகம், சடுகுடு, பாட்டு, ஊர்ப் பொங்கல், இவற்றை நேரத்தைப் போக்கும் காரியம் என்று தள்ளாதீர்கள். தெருவில் நின்றுவிட்ட கால்களை நடக்க வைப்பவை இவை.

இனி யாராவது "கூலிக்காரனுக்கு யோசனை இல்லை" என்று சொன்னால் நாம் கோபப்பட்டு நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. "கூலியைக் குறித்த நாளில் கொடுங்கள், யோசனை எங்கே இருக்கிறது என்று காட்டுகிறோம்" என்று சொல்வோம்.