கட்டில்லாத குளங்கள்



குளம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன மூன்று: உயர்ந்த கட்டு, வயலுக்கு நீர் விடும் துருசு, மாரி காலத்தில் மிகுந்த நீர் பாய்ந்தோடும் வான். வன்னியிலும் அநுராதபுரத்திலும் நாம் காணும் குளங்கள் மனிதர் அமைத்தவை. மனிதர் பேணாவிடின் தூர்ந்து போகின்றவை. ஆயின், கட்டும் துருசும் வானும் இல்லாத இயற்கை நீர்நிலைகள் ஏறத்தாழ அறுபது, நம் நாட்டிலே ஒரே காட்டினுள் இருக்கின்றன. அந்தக் காடுதான் வில்பத்து. ஓர் ஆடி மாதத்தில் குடும்பத்தோடு அங்கே சென்றிருந்தேன். அங்கு கண்டு மகிழ்ந்ததையும், கண்டு நாணியதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

புத்தளத்திலிருந்து அநுராதபுரம் செல்லும் வீதியில் ஒரு கிளைவழி பிரிகிறது. அவ்வழியே சென்றால் ஹுனுவிலகமவில் உள்ள நுழைவாயிலை அடையலாம். 1905ஆம் ஆண்டில் சரணாலயமாகவும், 1938இல் தேசிய வனமாகவும் பிரகடனம் செய்யப்பட்ட இக்காடு, ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. வாயிலைக் கடந்ததும் இருமருங்கும் பாலையும் வீரையும் முதிரையும் செறிந்து நிற்கின்றன. செம்மண் பாதையிலே நெடுந்தூரம் சென்றும் எங்கள் கண்ணிற் பட்டவை ஒரு காட்டுக்கோழியும் இரண்டு மந்திகளுமே. திடீரென மரங்கள் விலகின, வானம் விரிந்தது, எதிரே நீர் பளபளத்தது.

“அப்பா, இந்தக் குளத்துக்குக் கட்டு எங்கே?” என்று என் மகள் கேட்டாள்.

நல்ல கேள்வி அது. நிலம் இயல்பாகவே தாழ்ந்திருக்கும் இடத்தில் மழைநீர் வந்து தேங்குகிறது. சுற்றிலும் மணற்பாங்கான கரை. இதற்கே வில்லு என்று பெயர். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நிரம்பி, காட்டின் ஓரம் வரை பரவும். வைகாசி தொடங்கி வெயில் ஏற ஏற, நீர் சுருங்கி நடுவே ஒடுங்கும். நீர் விட்டுச் சென்ற ஈரத்திலே புல் தளிர்க்கும். அப்புல்லை நாடிப் புள்ளிமான்கள் வரும். மான்களை நாடிச் சிறுத்தை வரும். சேற்றிலே எருமை கிடக்கும். கரையிலே முதலை வெயில் காயும். ஆழமற்ற நீரில் நத்தைகுத்தி நாரை இரை தேடும். சில வில்லுகளில் நீர் உவர்ப்பாகவும் இருப்பதுண்டு. உலகின் முக்கியமான ஈரநிலங்களைப் பேணும் றம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் 2013ஆம் ஆண்டு இந்நீர்நிலைகள் சேர்க்கப்பட்டன.

எங்கள் வழிகாட்டி வாகனத்தை நிழலில் நிறுத்தச் செய்து, உதட்டில் விரலை வைத்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் வாளாவிருந்தோம். அப்பொழுது எதிர்க்கரையில் மான்கள் யாவும் ஒருங்கே தலை நிமிர்த்தின. மர நிழலிலிருந்து ஒரு சிறுத்தை வெளிப்பட்டது. இலங்கைக் காடுகளிலே சிங்கமோ வேங்கைப் புலியோ இல்லை. ஆகையால் சிறுத்தையே இங்கு அரசு செய்யும் வேட்டை விலங்கு. அஞ்ச வேண்டியதொன்றும் அதற்கில்லை போலும்! பட்டப்பகலிலே, ஆறுதலாக, நீரை நோக்கி நடந்து வந்தது.

அவ்வேளையில் பாதையிலே இரைச்சல் கேட்டது. செய்தி எப்படியோ பரவி, வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வந்தன. புழுதி எழுந்தது, “அதோ, அதோ!” என்ற கூச்சல் எழுந்தது. பிறரைக் குறை கூறி நான் தப்பிக்கொள்ள இயலாது. இன்னும் அருகே சென்றால் நல்ல படம் எடுக்கலாம் என்று, எங்கள் வாகனத்தையும் முன்னே செலுத்தச் சொன்னவன் நானே. நீருக்கு இருபது அடி தூரத்தில் சிறுத்தை நின்றது. எங்களை ஒருமுறை பார்த்தது. பின்னர் திரும்பிக் காட்டினுள் மறைந்தது.

“தண்ணீர் குடிக்கத்தான் வந்தது,” என்றார் வழிகாட்டி. வேறொன்றும் அவர் சொல்லவில்லை. எனக்கோ, அன்று முழுவதும் அச்சொல் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆடி மாத வெயிலிலே தாகத்தோடு வந்த உயிரை, ஒரு படத்துக்காக வெறுவாயோடு திருப்பி அனுப்பினோம்.

நேயர்களே, போர் காரணமாக 1988இன் இறுதியிலிருந்து 2003 வரையும், மறுபடி 2006 முதல் 2010 வரையும் இவ்வனம் பார்வையாளருக்கு மூடப்பட்டிருந்தது. அத்தனை ஆண்டுகள் கவனியாது விட்டால், நம் ஊர்க்குளத்தின் கட்டிலே மரம் முளைத்து வேரோடிவிடும். வில்லுகளோ யார் உதவியுமின்றி மாரிதோறும் நிரம்பின. குளத்துக்கு நாம் செய்ய வேண்டிய கடமை உழைப்பு. வில்லுக்கு நாம் செய்யக்கூடியது, கையைக் கட்டிக்கொண்டு அமைதியாக இருத்தல். நம்மவர்க்கு இரண்டாவதுதான் கடினம் போலும்.

நீங்களும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வில்பத்துக்குச் சென்று வாருங்கள். விடியற்காலையிலே செல்லுங்கள். வாகனத்தை விட்டு இறங்காதீர்கள், உணவு எறியாதீர்கள், பிளாஸ்டிக் போத்தல்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சிறுத்தை தோன்றினால், இருக்கும் இடத்திலேயே இருங்கள். தொலைவிலிருந்து பார்த்தாலும் பாதகமில்லை. அது நீர் அருந்திச் செல்வதைக் காணும் பேறு உங்களுக்குக் கிடைக்கலாம். அந்தப் பேற்றை நான் என் மகளுக்குக் கொடுக்கத் தவறிவிட்டேன்.