ஒத்திவைத்த தீர்மானத்திற்கு உயிரூட்டல்



கல்வியின் பெருமையை எனக்கு முன் பேசியவர்கள் சிறப்புற எடுத்துரைத்தார்கள். கற்றவன் ஒரு கூட்டத்தில் அமர்ந்தால் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதில் ஒரு சிறு பகுதியை மட்டும் நான் சொல்ல விழைகிறேன். ஒத்திவைக்கப்பட்ட தீர்மானத்தை என்ன செய்வது என்பதே அது.

நம் கோரிக்கையை எதிர்த்துக் கை உயர்த்துபவரை நாம் அறிவோம். அவரோடு வாதிடலாம். ஆனால், "நல்ல யோசனைதான், பிறகு பார்க்கலாம்" என்று புன்னகையோடு சொல்பவரிடம் என்ன வாதிடுவது? மறுக்காமலே மறுக்கும் வழி அது.

அண்ணல் அம்பேத்கருக்கே இது நேர்ந்தது. பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வழங்க, இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைச் சட்ட அமைச்சர் என்ற முறையில் அவர் நடத்திச் சென்றார். மீண்டும் மீண்டும் தள்ளிப்போடப்பட்ட அம்மசோதா, 1951 செப்டம்பரில் பாதி வழியில் நிறுத்தப்பட்டது. அம்மாதம் 27ஆம் நாள் அவர் பதவி விலகல் கடிதம் அளித்தார். காரணங்களுள் இதுவும் ஒன்று.

நம் மதுரை மாவட்டத்திற்கே வருவோம். உசிலம்பட்டிப் பகுதியில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி நம்மவர்க்கு ஒதுக்கப்பட்டது 1996இல். முறையாகத் தேர்தல் நடந்து, தலைவர்கள் பதவியில் நிலைத்தது 2006இல். சட்டம் தந்த உரிமை பத்தாண்டுகள் காத்துக் கிடந்தது.

ஆகவே ஒத்திவைப்பின் வகைகளை அறிந்து கொள்ளுங்கள். அமெரிக்கப் படைப் பொறியாளர் ஹென்றி ராபர்ட் 1876இல் வெளியிட்ட கூட்ட விதிநூல் இவற்றைத் தெளிவாகப் பிரிக்கிறது. குறித்த நாளுக்கு ஒத்திவைத்த தீர்மானம், அந்நாளில் தானாகவே அவைமுன் வரும். மேசையில் ஒதுக்கி வைத்த தீர்மானம் தானாக வராது. யாரேனும் எழுந்து, "அதை எடுத்துக்கொள்வோம்" என முன்மொழிந்து பெரும்பான்மை பெற வேண்டும். அடுத்த வழக்கமான கூட்டம் முடியும்வரை எவரும் எழாவிடில் அது மடிந்துவிடும். காலவரையின்றி ஒத்திவைப்பதோ, வாக்கெடுப்பின்றியே அதைப் புதைப்பதாகும்.

ஓர் எச்சரிக்கை. நம் நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை "அவையின் மேசையில் வைக்கப்பட்டது" என்றால், அனைவரும் அறியச் சமர்ப்பிக்கப்பட்டது என்று பொருள். அமெரிக்க வழக்கில் மேசையில் வைப்பதென்பது ஒதுக்குவது. சொல் ஒன்று, பொருள் வேறு. எந்தச் சங்கமாயினும் அதன் துணைவிதிகளையே முதலில் படியுங்கள்.

இனி நடைமுறை. மாலைப் பாடசாலைக்கு ஓர் ஆசிரியரை அமர்த்த நீங்கள் தீர்மானம் கொண்டுவருகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். ஒத்திவைக்கலாம் என்று ஒருவர் சொன்னால் சினம் கொள்ளாதீர்கள். வரவு செலவுக் கணக்கு வரவில்லை என்பது போன்ற நியாயமான காரணமும் இருக்கக்கூடும். "எந்த நாளுக்கு?" என்று மட்டும் கேளுங்கள். அந்த நாள், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் ஆகிய விவரங்கள் நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏறிய பின்னரே அமருங்கள். அடுத்த கூட்டத்திற்கு முன், அதனை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு செயலாளருக்கு எழுத்துமூலம் தெரிவித்து, நகலை வைத்துக் கொள்ளுங்கள். கூட்டத்தன்று உங்களை ஆதரிப்போரை அழைத்து வாருங்கள். நினைவூட்ட ஆளில்லாத் தீர்மானம், பெற்றோர் வராத பள்ளிப் பிள்ளையைப் போன்றது; அதைக் கேட்பார் இரார்.

மடிந்துவிட்டால்? புதிய தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். பெரிதாயின் பகுதிகளாகப் பிரியுங்கள். அண்ணலின் மசோதா கைவிடப்பட்ட பின், 1955இல் திருமணச் சட்டமாகவும், 1956இல் வாரிசுரிமை, காப்பாளர், தத்தெடுப்பு பற்றிய மூன்று சட்டங்களாகவும் மீண்டும் வந்து நிறைவேறியது. அவர் விலகினார், கோரிக்கை விலகவில்லை.

இளைஞர்களே! உரக்கப் பேசுவது எளிது. ஆறு மாதம் கழித்து அதே பொருளை, அதே நிதானத்தோடு, குறிப்பேட்டின் பக்கத்தைக் காட்டி எழுப்புவதே அரிது. அந்தப் பொறுமையைக் கற்பதும் கல்வியே. நம் கழகத்தின் குறிப்பேடுகளையும் புரட்டிப் பாருங்கள். நாள் குறிக்காமல் ஒத்திவைத்தவை அவற்றிலும் இருக்கலாம். இருந்தால், அடுத்த பொதுக்குழுவில் உங்களில் ஒருவர் எழுந்து நிற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.